வாடாத இரண்டு கிலோ

1974ஆம் வருஷம் ஜூலை ஒன்பதாம் தேதி போலீஸ் பறிமுதல் செய்த இரண்டு கிலோ பச்சைத் தேயிலைக் கொழுந்து பத்து வருஷம் ஏழு மாதம் வாடவில்லை. அதன்மேல் இருந்த மழை ஈரமும் காயவில்லை. அந்தக் கொழுந்தை மடியில் கட்டியிருந்த பேச்சிக்கும் அத்தனை காலம் வயது ஏறவில்லை. வழக்கு முடிவாகாமல் இருந்ததே காரணம்.

கீழ் கோத்தகிரிச் சரிவில் உள்ள புலிக்கல்மட்டம் எஸ்டேட்டில் அன்று அவள் இருபத்து மூன்று கிலோ பறித்தாள். எடை போட்ட கணக்குப்பிள்ளை லெஸ்லி இருபத்தொன்று என்று எழுதினார். மழைக்காலத்தில் இலையில் தண்ணீர் இருக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது எஸ்டேட் வழக்கம். வெயில் காலத்திலும் கழிப்பார்கள், பழக்கம் விட்டுப் போகக் கூடாது என்பதற்காக. முப்பது வருஷமாக இதைப் பார்த்துவந்த பேச்சி அன்று குவியலிலிருந்து இரண்டு கிலோவை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன் சுடலை மறித்தான்.

“என்ன பேச்சி, பட்டப்பகல்ல கொழுந்தத் தூக்கிட்டுப் போற?”

“கொழுந்து இல்லண்ணே, தண்ணி. இப்பத்தான் கணக்குப்பிள்ளை சொன்னாரு. எஸ்டேட்டுக்கு வேண்டாம்னு கழிச்ச தண்ணி, ஊட்டுக்குக் கொண்டு போறேன்.”

மேனேஜர் புகார் கொடுத்தார், போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. போலீஸ் முடிவு சொல்லும்வரை பேச்சிக்கு வேலை இல்லை என்று எஸ்டேட் நோட்டீஸ் ஒட்டியது. எஸ்டேட்டில் ஒரு நாள் வேலையை ‘பேர்’ என்பார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நின்றால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம், ஆஸ்பத்திரி, கம்பளி எல்லாம். 1945லிருந்து விழுந்துகொண்டிருந்த பேச்சியின் பேர் மறுநாளிலிருந்து விழவில்லை. மகள் வீரம்மா பேரில் தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு இருந்ததால் தலைக்குமேல் தகரம் மட்டும் மிஞ்சியது. திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனுக்கு வந்து ரேகை வைக்க வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. மற்ற நாளில் அவள் வெளியே சின்னத் தோட்டக்காரர்களிடம் பேர் இல்லாத கூலிக்குப் பறித்தாள்.

இரண்டு கிலோ விஷயத்துக்குப் பத்து நாளில் குற்றப்பத்திரிகை போட்டுவிடலாம் என்றுதான் முதல் எஸ்.ஐ. நினைத்தார். எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா நின்றது. திருடியது கொழுந்து என்று எழுதினால், தண்ணீர் என்ற பேரில் எஸ்டேட் முந்நூறு பெண்களிடம் தினமும் கொழுந்து எடுக்கிறது என்று ஆகும். தண்ணீர் என்று எழுதினால் திருட்டே இல்லை. மேனேஜரோ எஸ்.ஐ.க்குத் தெரிந்தவர். ஆகவே எஸ்.ஐ. மேலிடத்தின் கருத்துக் கேட்டு ஃபைலை ஊட்டிக்கு அனுப்பினார். ஊட்டியில் உள்ளவர்கள் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் இருந்தவர், ஈரம் எந்த நிலையில் இலையாகக் கருதப்படும் என்று விளக்கம் கேட்டு ஊட்டிக்கே திருப்பினார். ஃபைல் இப்படி மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது கொழுந்து ஸ்டேஷன் மூலையில் பச்சையாக இருந்தது. பறிமுதல் பொருளின் தன்மை மாறக் கூடாது என்று விதி இருப்பதால் அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

துணிமூட்டை ஓயாமல் சொட்டியது. ஸ்டேஷன் ரைட்டர் மரியஅந்தோணி முதலில் ஒரு டம்ளரை வைத்தார், பிறகு வாளியை வைத்தார், 1976இல் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். அதுவரை அந்த ஸ்டேஷனில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். வழக்கு வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. போலீஸ் குடியிருப்புக்கும் எஸ்.ஐ. வீட்டுத் தோட்டத்துக்கும் பைப் போட்டார்கள். 1983 வறட்சியில் ஓடைகள் காய்ந்து ஜனங்கள் குடத்துடன் அலைந்தபோது, ஸ்டேஷனில் மட்டும் ஜீப்பைக் கழுவினார்கள். இப்படிப்பட்ட வழக்கை எந்த எஸ்.ஐ. முடிப்பார்? மாற்றலாகிப் போகும் ஒவ்வொருவரும் சாவியோடு அந்த ஃபைலையும் கையில் கொடுத்து, இதை அவசரப்பட்டுத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சி திங்கட்கிழமைகளைத் தள்ளினாள். ஏழு மைல் நடந்து வந்து ரேகை வைத்துவிட்டு, “ஆச்சுங்களா?” என்று கேட்பாள். “ஆவும்” என்பார் மரியஅந்தோணி. மூன்றாவது வருஷம், காத்திருக்கும் நேரம் வீணாகிறதே என்று முதல் தகவல் அறிக்கையில் தன் பேர் எது என்று கேட்டுப் பார்த்து எழுதப் பழகினாள். ஐந்தாவது வருஷம் முழு அறிக்கையையும் வாசித்தாள். அதில் எட்டுப் பிழை இருப்பதாகச் சொன்னாள், ரைட்டர் மூன்றை ஒப்புக்கொண்டார். வழக்குப் பதிவானபோது அவருக்கு முப்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்தேழு. அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு முன்மண்டை வழுக்கையாகி, மூக்குக் கண்ணாடி ஏறி, 1984இல் ஒரு திங்கட்கிழமை வாய் தவறி “வா தங்கச்சி” என்றார். இரண்டு பேருமே அதைத் திருத்தவில்லை. வீரம்மாவுக்கு நரை விழுந்தது. பஸ்ஸில் கண்டக்டர்கள் தாயையும் மகளையும் அக்கா தங்கை என்று நினைத்தார்கள், யார் அக்கா என்பதில்தான் தவறு செய்தார்கள்.

செய்தி வெளியே போயிற்று. கோத்தகிரி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சுப்பண்ணன், அறுபதைத் தொட்டவர், இரண்டாம் கல்யாண யோசனையில் இருந்தவர், ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, என் மேல சின்னதா ஒரு கேஸ் போட்டு, அப்படியே வெச்சுக்க முடியுங்களா? செலவப் பத்தி யோசிக்காதீங்க.”

போட்டார்கள். அடுத்தவன் கோழியைத் திருடியதாக அவரே விரும்பிய வழக்கு. மூன்று வாரத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி நூறு ரூபாய் அபராதம் விழுந்தது. கேட்டால் எங்களுக்கு வேலை செய்யத் தெரியாதா என்று ஸ்டேஷனில் கோபித்துக்கொண்டார்கள். அதன் பிறகும் ஆட்கள் வந்தார்கள். எல்லோருடைய வழக்கும் சீக்கிரம் முடிந்தது. காத்திருக்க விரும்புகிறவனைக் காக்க வைப்பதில் போலீசுக்கு நாட்டம் இல்லை என்று தெரிந்து கூட்டம் கலைந்தது.

லயத்துப் பெண்களில் பலர் பேச்சிக்கு அதிர்ஷ்டம் என்று பேசினார்கள். இடுப்பு வலி இல்லை, பல் ஆடவில்லை, பின்னே என்ன வேண்டும் என்றார்கள். பேச்சிக்கு என்ன வேண்டும் என்பது 1985 பிப்ரவரியில் வீரம்மா எஸ்டேட் ஆபீசிலிருந்து கொண்டுவந்த தாளில் இருந்தது. அந்த வருஷம் ஓய்வு பெறுகிறவர்கள் பட்டியலில் பேச்சி, வயது ஐம்பத்தெட்டு, ஜூன் கடைசி என்று எழுதியிருந்தது. உடம்பில் வயது நின்றிருந்தாலும் எஸ்டேட் புத்தகத்தில் ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நாலு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால், திருடி என்ற பேரோடு, வேறு பேர் எதுவும் விழாமல், நாற்பத்தேழு வயதில் அவளைக் கிழவி என்று அனுப்பிவிடுவார்கள்.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை அவள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பவில்லை. ஏழாவது எஸ்.ஐ. வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். பேச்சி அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, இப்பக் குடிச்சீங்களே, அது கொழுந்துங்களா, தண்ணிங்களா?”

“இது என்னம்மா கேள்வி.”

“கொழுந்துன்னா கேஸ் பொருளப் பத்து வருசமா ஸ்டேஷனே குடிச்சிருக்குன்னு எழுதிக் குடுப்பேன். இப்ப எழுதத் தெரியுமுங்க. தண்ணின்னா நான் திருடலைன்னு நீங்க எழுதிக் குடுங்க.”

எஸ்.ஐ. டம்ளரைக் கீழே வைத்தார். ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் தொட்டியைப் பார்த்தார். ஊட்டியும் கோயம்புத்தூரும் பத்து வருஷம் யோசித்த கேள்விக்கு, டம்ளர் வைத்த ஈரம் மேஜையில் காய்வதற்குள் பதில் கிடைத்தது. தண்ணீர் என்று எழுதினார். மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்றும் எழுதினார். முத்திரை குத்துவதற்கு முன் மரியஅந்தோணி எழுந்து வந்தார்.

“நல்லா யோசிச்சுக்க தங்கச்சி. முத்திரை விழுந்தா வயசு மொத்தமா வந்து சேர்ந்துரும்.”

“வரட்டுங்கண்ணா. என் வயசுதானுங்களே, வேற யாரு வாங்குவா.”

முத்திரை விழுந்ததும் சொட்டுவது நின்றது. மூலையில் இருந்த மூட்டை ஒரு கைப்பிடிச் சருகானது. ஸ்டேஷன்காரர்கள் அன்று மாலையே பஞ்சாயத்துத் தண்ணீர் லாரிக்கு மனு எழுதினார்கள், மனு ஊட்டிக்குப் போயிற்று. பேச்சி உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு இறக்கத்தில் நடந்தாள். அந்தச் சாலையில் பதினொரு வளைவு. வளைவுக்கு ஒரு வருஷமாக வந்தது. மூன்றாம் வளைவில் முட்டி பிடித்துக்கொண்டது, ஐந்தில் கடைவாய்ப் பல் இரண்டு விழுந்தன, எட்டில் தூரத்து மரங்கள் மங்கின. பதினொன்றில் பாக்கி இருந்த ஏழு மாதமும் வந்து சேர்ந்தபோது தலை முழுக்க வெள்ளை. காலையில் அவள் ஏறிப் போனதைப் பார்த்தவர்கள் மாலையில் இறங்கி வந்ததையும் பார்த்தார்கள். வீரம்மா அம்மாவைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு வெந்நீர் வைத்தாள்.

மறுநாள் காலை பெரட்டில் பேச்சி நின்றாள். உத்தரவை இரண்டு தடவை வாசித்துவிட்டு லெஸ்லி அவளுக்குப் பேர் போட்டார். மார்ச் மாதம் முழுக்க முந்நூறு பெண்களும் போலீசே தண்ணீர் என்று எழுதிக் கொடுத்த இரண்டு கிலோவை ஆளுக்கு ஒரு மடியாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சுடலை ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். ஏப்ரல் முதல் தேதி, இனி இந்த எஸ்டேட்டில் கொழுந்து நனையாது என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். அதிலிருந்து அங்கே கொட்டும் மழையில் பறித்த இலையிலும் சொட்டு ஈரம் இருப்பதில்லை.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை பேச்சியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய கிளார்க் கணக்கை வாசித்தார். வேலை இல்லாமல் இருந்த பத்து வருஷம் ஏழு மாதம் சர்வீசில் சேராது, மொத்தம் இருபத்தொன்பது வருஷத்துக்குத்தான் பணம் என்றார். பேச்சி மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கீழே வைத்தாள்.

“வயசுக்கு எண்ணுனீங்கல்ல?”

“அது வேறம்மா.”

“இது எத்தனை வருசத்து நரைன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

கிளார்க், பிப்ரவரியில் அவள் இறங்கி வந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஜன்னலில் நின்றிருந்தவர். தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு இருபத்தொன்பதை அடித்து நாற்பது என்று எழுதினார். ஆதாரம் என்ற கட்டத்தில் ‘தலைமுடி, நேரில் பார்க்கப்பட்டது’ என்று குறித்தார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷத் தணிக்கையில் இதற்கு ஆட்சேபணை எதுவும் எழவில்லை.