அத்தான் மேடை ஏறும்வரை

மார்ச் 4, புதன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டேன். ரேம் என்ற நினைவகத் துண்டைக் கழற்றி அடுத்த இடத்தில் மாட்டினேன். கையோடு வீடியோ ஓட்டும் மென்பொருளையும் புதிதாகப் போட்டேன். அதன் பிறகு வீடியோ கடைசிவரை அணையாமல் ஓடியது. எதனால் ஓடியது என்று இப்போது எனக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றாலா, இரண்டாலுமா, இரண்டுமே இல்லாமலா? ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான் என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் மாலை வகுப்பில் வாத்தியார் முதல் நாளே சொன்னார். நான் அதை எழுதி அடியில் கோடும் போட்டேன். கோடு போட்டதோடு சரி.

கம்ப்யூட்டர் நானே கட்டியது. பழைய சாமான் கடையில் வாங்கிய கேபினட்டுக்கு ஒரு பக்கத்து மூடி கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். ஹாலில், டிவி இருந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். வீட்டில் அதற்குப் பெயர் "பெட்டி". எழுதுவது, படம் பார்ப்பது, வகுப்புக்கான பயிற்சி எல்லாம் அதில்தான். எல்லாம் ஓடுகிறது. ஒன்றே ஒன்றைத்தான் நம்பி ஓட்ட முடியவில்லை: அத்தானின் வீடியோ.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஒரு கம்பெனியில் கிளை மேலாளர். அவருடைய கிளைக்குச் சிறந்த கிளை என்று விருது கொடுத்தார்கள். விழாவைப் படம் பிடித்து எல்லோருக்கும் ஒரு பென்டிரைவில் தந்திருக்கிறார்கள். அதை மாமனார் வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்துதான் பார்ப்பேன், தனியாகப் பார்க்க மாட்டேன் என்று அத்தான் பிடிவாதமாக இருக்கிறார். அப்படி உட்காரும் ஒவ்வொரு முறையும் வரவேற்புரை முடிகிறது, தலைவர் உரை முடிகிறது, இரண்டாம் பரிசு வாங்கிய கிளைக்காரர் எல்லோருக்கும் நன்றி சொல்கிறார். அடுத்தது அத்தான். அந்த நேரம் பார்த்துப் பெட்டி பட்டென்று அணைந்துவிடுகிறது. அப்பாவுக்கு வரவேற்புரை மனப்பாடம் ஆகிவிட்டது.

போன தடவை அணைந்தபோது அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு வினையானது.

"மாமா, இதெல்லாம் உதிரி சாமான் வாங்கி வீட்ல கட்டுற வேலை இல்ல. நம்ம கிளையில சாயங்கால ஷிப்டுக்கு டேட்டா என்ட்ரி ஆள் தேவைப்படுது. பொண்ணு வந்துடட்டும். கம்பெனி கம்ப்யூட்டர்ல உக்காரட்டும், அணையவே அணையாது."

சாயங்கால ஷிப்டு என்றால் மாலை வகுப்பு போச்சு. இன்னும் பாதிப் பாடம்கூட முடியவில்லை. அப்பா தீர்ப்பு சொன்னார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அன்னைக்கு இந்த வீடியோ நிக்காம ஓடுச்சுன்னா கிளாஸுக்குப் போகட்டும். நின்னுச்சுன்னா மாப்பிள்ளை சொல்றபடி."

மார்ச் 5, வியாழன்

நேற்று மாற்றிய இரண்டையும் பழையபடி வைத்தேன். அப்போதும் கடைசிவரை ஓடியது. அப்படியென்றால் நேற்றைய மாற்றங்களுக்கு மதிப்பில்லை. கோளாறு இருக்கும்போது மட்டும்தான் அதைத் தேட முடியும். என்னிடம் இருப்பதோ நான் தேடும்போது ஒளிந்துகொள்ளும் கோளாறு. பெட்டியின் உள்சூட்டைத் திரையில் காட்டும் வெப்பமானியைப் பார்த்தேன்: எழுபத்தைந்து டிகிரி. கொஞ்சம் சூடுதான், ஆனால் அணைகிற சூடு இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். அம்மா தூசி என்கிறாள். அப்பாவுக்கு சுவிட்ச்போர்டுமேல் சந்தேகம். அத்தான் போனிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"வைரஸ். அணைச்சு அணைச்சுப் போடு, ஓடிடும்."

"அதுவே அணைஞ்சுடுதே அத்தான்."

"நீ அணைக்கிறதுக்கும் அது அணையறதுக்கும் வித்தியாசம் இருக்கும்மா."

சித்தப்பா எங்களோடுதான் இருக்கிறார். சரக்கு வேன் ஓட்டுகிறார். அவர் கருத்து வேறு. "பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. அதுக்கு ரசனை இருக்கு. உங்க அத்தான் வர்றார்னு தெரிஞ்சதும் கண்ணை மூடிக்குது. எனக்கும் அப்படி ஒரு சுவிட்ச் இருந்தா நல்லா இருக்கும்."

நான் சிரித்தேன். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. அணைந்த நாட்களையும் ஓடிய நாட்களையும் மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அதே பெட்டி, அதே வீடியோ, அதே மேசை, அதே மின்சாரம். அணைந்த நாட்களில் மட்டும் அத்தான் இருந்தார். முறைப்படி பார்த்தால் கோளாறு அத்தான்.

வாத்தியாரிடம் கேட்டேன், "சார், ஒரு ஆள் பக்கத்துல இருந்தா மட்டும் ஒரு மெஷின் கெட்டுப்போகுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆளால மெஷின் கெடாதும்மா. ஆள் வந்தா வேற என்னென்ன மாறுதோ, அதைப் பாரு."

மார்ச் 6, வெள்ளி

அத்தானை நினைத்தபோது கூப்பிட முடியாது. அதனால் சித்தப்பாவை அத்தானாக்கினேன். அத்தான் உட்காரும் கைவைத்த நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். அத்தானைப் போலவே செல்போனை மேசைமேல், பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கால்மேல் கால். அதையும் விடவில்லை.

"மாப்பிள்ளை மாதிரி எதாவது பேசணுமா?"

"நடுநடுவுல உங்க சம்பளத்தைச் சொல்லுங்க சித்தப்பா."

"அது ஒரே மூச்சுல முடிஞ்சுடுமே."

விருது விழா முழுவதும் ஓடியது. இடையில் நாற்காலியைப் பெட்டிக்கு நெருக்கி நகர்த்திப் பார்த்தேன், செல்போனில் அழைத்துப் பார்த்தேன். எதுவும் ஆகவில்லை. சித்தப்பாவுக்கு வரவேற்புரையிலேயே வேர்க்கத் தொடங்கி, தலைவர் உரையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அத்தான் மேடைக்கு வரும் இடத்தில் திரையை மட்டும் நானே அணைத்துவிட்டேன். அத்தான் பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் பார்ப்பது முறையில்லை என்று அம்மா முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் நான் ஓட்டும்போதெல்லாம் அந்த இடத்திலிருந்து கடைசிவரை திரையை அணைத்து, சத்தத்தையும் குறைத்துவிடுகிறேன். பெட்டி ஓடுகிறதா என்று மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

"அப்போ அத்தான் வேலைக்கு நான் லாயக்கில்லையா?" என்றார் சித்தப்பா, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி.

எனக்கு அழுகை வந்தது. நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையோ என்று தோன்றியது. டேட்டா என்ட்ரியில் யோசிக்க ஒன்றும் இருக்காது. இருப்பதைப் பார்த்து அடித்தால் போதும். ஒருவேளை அதுதான் எனக்குச் சரியோ?

மார்ச் 7, சனி

அக்காவும் அத்தானும் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். நாளைக்கு முன் ஒரு ஒத்திகை என்றார் அத்தான். நான் கேட்டேன், "வீடியோவைப் பாதித் திரைக்குச் சின்னதாக்கி, பக்கத்துல வெப்பமானியை வெச்சுக்கட்டுமா?"

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அவரைச் சின்னதாக்கி ஓரத்துல ஒதுக்குவியா? அவர் என்ன நெனைப்பார்? முழுசாப் போடு."

முழுசாகப் போட்டேன். வரவேற்புரை ஓடியது. அப்பா அடுத்த வரியை முணுமுணுத்தார். தலைவர் உரை ஓடியது. அக்கா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். சித்தப்பா சட்டையின் மேல் பட்டனைத் திறந்தார். என் புருவத்திலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அத்தானுக்கு மட்டும் வேர்க்கவில்லை. அவருடைய முன்நெற்றி முடி இலேசாகப் பறந்துகொண்டிருந்தது.

முடி ஏன் பறக்கிறது என்று பார்த்தேன்.

எங்கள் ஹாலில் இருப்பது ஒரே ஒரு நிற்கும் மின்விசிறி. அது எப்போதும் மேசையைப் பார்த்துத்தான் நிற்கும். பெட்டியின் திறந்த பக்கத்தில் நேராகக் காற்று அடிக்கும். மாப்பிள்ளை உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா அதைக் கழுத்தைப் பிடித்து அவர் நாற்காலிப் பக்கம் திருப்பிவிடுகிறாள். திருப்புகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கை தானாகப் போகிறது. சித்தப்பாவுக்கு யார் திருப்புவார்கள்? அவர் பாட்டுக்கு வேர்த்துக்கொண்டு இருந்தார்.

பெட்டியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது அணைந்தது. இரண்டாம் பரிசுக்காரர் வாயைத் திறந்தபடி மறைந்தார்.

"நாளைக்கும் இதே கதைதான்," என்றார் அத்தான். "மாமா, திங்கக்கிழமை பொண்ணை ஆபீஸுக்கு அனுப்புங்க. நான் ஏற்கெனவே சொல்லி வெச்சுட்டேன்."

நான் விசிறியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "மாப்பிள்ளைக்குக் காத்து கொடுத்ததாலதான்" என்று சொன்னால் அம்மாவின் முகம் என்ன ஆகும்? அது மட்டுமில்லை. இன்னும் நான் எதையும் உறுதி செய்யவில்லை. புதன்கிழமை அவசரப்பட்டதே போதும்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் எல்லோரும் கடைத்தெருவுக்குப் போனதும் ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: விசிறியைச் சுவர் பக்கம் திருப்பினேன். வெப்பமானியைத் திரையில் பெரிதாக வைத்து, அத்தானின் வீடியோவை ஓரத்தில் சின்னதாக்கினேன். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. அணைந்தது.

வெளி விசிறியின் காற்றை நம்பி ஒரு கம்ப்யூட்டர் ஓடக்கூடாது. அப்படியானால் உள்ளே ஏதோ தன் வேலையைச் செய்யவில்லை. ப்ராசசரின் சூட்டை இழுக்கும் கூலருக்கு நான்கு கால்கள். ஒவ்வொன்றையும் அடியில் உள்ள பலகையில் அழுத்தினால் டிக் என்று மாட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். மூன்று அசையவில்லை. வயர்க்கட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த நான்காவது கால் பலகையில் மாட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, ப்ராசசரைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. எழுதும்போது அது போதும். வீடியோவுக்குப் போதாது. மாட்டியது நான்தான். அழுத்தினேன். டிக். விசிறியைத் தொடாமல் வீடியோவை மறுபடி ஓட்டி, அத்தான் மேடை ஏறும் இடத்தில் படத்தை மட்டும் மறைத்தேன். சூடு அறுபத்து நான்கைத் தாண்டவில்லை, கடைசிவரை. இன்னொரு முறை ஓட்டினேன். அறுபத்து நான்கு.

மாலை எல்லோரும் உட்கார்ந்தோம். அம்மாவின் கை விசிறியை அத்தான் பக்கம் திருப்பியது. திருப்பட்டும் என்று விட்டேன்.

"என்னடி, கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சியா?" என்றார் அப்பா.

"கூலர்ல ஒரு கால் சரியா மாட்டலைப்பா. என் தப்புதான்."

"பாத்தீங்களா மாமா," என்றார் அத்தான் திருப்தியாக. "கட்டினவங்க தப்பு. வைரஸ் மாதிரிதான்."

வரவேற்புரை முடிந்தது. தலைவர் முடித்தார். இரண்டாம் பரிசுக்காரர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை மூடவும் செய்தார். நன்றி சொல்லி இறங்கினார். "சிறந்த கிளை" என்று அறிவிப்பு வந்தது. கைதட்டல். அத்தான் நாற்காலி நுனிக்கு வந்தார்.

அந்த நேரத்தில் கேமராவுக்கு முன்னால் ஒரு உயரமான மனிதர் எழுந்து நின்றார். அகலமும் இருந்தது. கைதட்டினார். அவருடைய கோட்டின் முதுகு திரையை நிறைத்தது. அதன் ஓரத்தில் ஒரு முழங்கை வந்து, எதையோ வாங்கிக்கொண்டு போனது.

"அந்தக் கை உங்களுதா?" என்றாள் அக்கா மெதுவாக.

அந்த மனிதர் உட்கார்ந்தபோது மேடையில் மூன்றாம் பரிசுக்காரர் இருந்தார். எதற்காக அவரைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. அவர் பேசினார். நீளமாகப் பேசினார். தேசிய கீதம் மாதிரி எல்லோரும் அசையாமல் கேட்டோம். வீடியோ முடிந்தது.

"சரியில்ல," என்றார் அத்தான் கடைசியில். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "பெட்டியில இன்னும் கோளாறு இருக்கு. படத்தை மறைக்குது. மாமா, இது தேறாது. நாளைக்குப் பொண்ணு ஆபீஸுக்கு வரட்டும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். வீட்டில் மாப்பிள்ளை சொல் மீறி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் திரையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"நிக்கலையே மாப்பிள்ளை."

"ஆனா மாமா, ஒண்ணும் தெரியலையே..."

"நான் நிக்காம ஓடணும்னுதான் சொன்னேன். என்ன தெரியணும்னு சொல்லலை." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அவ கிளாஸுக்குப் போகட்டும்," என்றார்.

சித்தப்பா இருமுவதுபோல் வெளியே போனார். வாசலில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு அத்தானைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வாரமாக அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இங்கே வந்துகொண்டிருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்: "அந்த ஆளை மட்டும் அழிச்சு எடுக்க முடியுமா? உங்க கிளாஸ்ல அதெல்லாம் சொல்லித் தருவாங்களா?"

"தெரியல அத்தான். கேட்டுட்டு வந்து சொல்றேன்," என்றேன்.

நாளை: மதியம் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு ட்யூப் வாங்க வேண்டும். கூலரைக் கழற்றிப் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது தடவி, நான்கு கால்களையும் மாட்ட வேண்டும். ஆறு மணிக்கு வகுப்பு.