கையெழுத்து இல்லாத அப்டேட்டர்

ஸ்ரெதோயேயின் இரண்டாவது விரலையும் அடியாள் க்வோஸ்டென் குறடால் முறித்துக்கொண்டிருந்தபோதுதான் யாகோதா கொட்டகைக்குள் ஓடி வந்தாள். அவள் புருஷன் ஸ்ரெதோயேயைப் பன்றி அறுக்கும் மேசையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாயெல்லாம் ரத்தம். கட்டச் சொன்னது வேறு யாருமில்லை, அவள் கூடப் பிறந்த அண்ணன் மிலோயே. சிகரெட் கடத்துகிறவனுக்கு உறவென்ன, முறையென்ன!

"என் லேப்டாப்புல உளவு வச்சிருக்கான் உன் புருஷன்," என்றான் மிலோயே. "லாரி போற வழியெல்லாம் அதுலதான் இருக்கு. நான் சும்மா இருந்தாலும் உள்ள என்னமோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. பிரிண்டர் மாட்டித் தர்றேன்னு இவன்தானே கை வச்சான்?"

எதிராளிக் கூட்டம் போன வாரம் மிலோயேயின் சிகரெட் லாரியை மறித்திருந்தது. ஓட்டிப் போன க்வோஸ்டெனின் தம்பியைச் சுட்டுப் போட்டுவிட்டுச் சரக்கை அள்ளிக்கொண்டு போனது. அந்த ஆத்திரத்தில்தான் க்வோஸ்டென் குறடைப் பிடித்திருந்தான்.

யாகோதா ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். "அண்ணே, நான் பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் இவரத் தொடாதே."

"பாரு. புருஷனக் காப்பாத்தப் புளுகினே, உன்னையும் இதே மேசையில போட்டுருவேன்."

லேப்டாப்பைத் திறந்து, பின்னணியில் ஓடுகிறவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிரிண்டர் கம்பெனியின் பெயரில் ஒரு அப்டேட்டர் ஓடியது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறதென்று பார்த்தாள்; மற்ற புரோகிராம்களோடு முறையான இடத்தில்தான் இருந்தது. யார் செய்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தும் கம்பெனியுடையதே.

"இது நல்லதுதான் அண்ணே. அப்பப்ப முழிச்சு, புதுசா ஏதாச்சும் வந்திருக்கான்னு கம்பெனியக் கேக்கும். இல்லேன்னா படுத்துக்கும்."

"படுத்துக்குமாம்ல!" மிலோயே மச்சானின் வயிற்றில் ஓங்கி உதைத்தான்.

"ஐயோ, இரு! இன்னொண்ணும் இருக்கு."

அதே பெயர்தான். ஆனால் தற்காலிகக் குப்பைகள் கிடக்கும் ஃபோல்டரில் ஒளிந்திருந்தது. கையெழுத்தே இல்லை. ஃபைல்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று பார்த்தாள். சொன்னால் பழி அண்ணன் மேல் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் புருஷன் பிணம்.

"இது டெர்பி ஃபுட்பால் மேட்ச் அன்னிக்கு வந்திருக்கு. ஓசியில மேட்ச் காட்டுற தளத்துலேர்ந்து. 'வீடியோ பிளேயர் பழசாயிருச்சு, அப்டேட் பண்ணு'ன்னு கேட்டிருக்கும், யாரோ அமுக்கியிருக்காங்க. அந்தத் தளத்துக்காரனுங்க திருடுனத எவன் காசு குடுத்தாலும் வித்துருவானுங்க. அன்னிக்கு இவரு என்கூட புடாபெஸ்ட்ல இருந்தாரு."

க்வோஸ்டென் மெதுவாக நிமிர்ந்தான். "அன்னிக்கு உங்க பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன் முதலாளி. நடுவுல படம் நின்னுபோச்சு. 'அட எழவே'ன்னு திட்டிக்கிட்டே நீங்கதான் அமுக்கினீங்க."

"அவ புளுகுறாடா!"

"சூனியத்த ஓசியில வாங்கி வச்சுக்கிட்டு, பழிய இவர் மேல போட்டீங்களா? என் தம்பி செத்தது உங்க மேட்சுக்கா?"

மிலோயேயின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போவதற்குள் குறடு அவன் வாயில் இறங்கியது. பல்லும் ரத்தமும் தெறித்தன. அடுத்த அடியில் தரையில் சாய்ந்தான். வாசலில் நின்ற மிலோயேயின் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. செத்துப்போன தம்பியோடு ஒரே தட்டில் தின்றவர்கள் அவர்கள்.

யாகோதா அங்கே கிடந்த பன்றிக் கத்தியால் கயிற்றை அறுத்து, புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். பின்னால் அடி விழுந்துகொண்டே இருந்தது.

"யாகோதா! அடியே, கொன்னுருவான்டி! பொய்னு ஒரு வார்த்தை சொல்லு!"

அந்த ஒரு வார்த்தைக்குக் க்வோஸ்டென் நின்றுவிடுவான். நின்றால் மறுபடி யாரைக் கட்டுவான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான் சொன்னது நிஜம் அண்ணே," என்றாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.