வசவில் எழுந்த பிரசவ வார்டு

கடைவீதியில் முதல் செங்கல் வானொலிச் செய்தியைப் போல ஒலிபெருக்கியிலிருந்துதான் வந்தது, ஒரு புதன்கிழமை மதியம். அந்த வீதியில் இரண்டு வல்லரசுகள் எதிரெதிரே பிரசார நிலையம் வைத்திருந்தன. மலைக்கு அந்தப்புறத்து வல்லரசின் பிரதிநிதியை ஊர் மலைக்காரர் என்றது. கடலுக்கு அந்தப்புறத்தவரைக் கடல்காரர் என்றது. உங்கள் சுதந்திரம் பணக்காரன் வீட்டு நாய்க்குத்தான் என்று மலைக்காரர் முழங்க, நன்றாகச் சுட்ட செங்கல் ஒன்று தொப்பென்று தெருவில் விழுந்தது. கடல்காரர் சும்மா விடுவாரா? உங்கள் சமத்துவம் ரொட்டிக்கு வரிசையில் நிற்பதோடு சரி என்று திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்து இரண்டு விழுந்தன. தத்தம் கொள்கையைப் புகழ்ந்தபோது வெறும் தூசிதான் வந்தது. துணி காயப்போட்டவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அடுத்தவர் கொள்கையை ஏசினால்தான் செங்கல். புள்ளிவிவரத்தோடு ஏசினால் ஆணியும் உண்டு.

ஊர்க்காரர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கப் பழகினார்கள். மருத்துவச்சி மட்டும் விழுந்த கல்லைப் பொறுக்கத் தள்ளுவண்டியோடு வந்தாள். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அப்பால் இருந்தது. சிக்கலான பிரசவம் என்றால் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அவளுடைய அக்கா அப்படிப் போனவள்தான், பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. இப்போது தங்கை மாசமாக இருந்தாள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. நாலு சுவரும் ஒரு கூரையும் காட்டினால் தானே வந்து ஆபரேஷன் செய்வதாக அக்கரை டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். தங்கையின் கணவன் கொத்தனார். "கல்லு மட்டும் வந்துக்கிட்டே இருக்கட்டும்க்கா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். மனித குலத்தின் எதிர்காலம் பற்றிய அந்தச் சண்டையில் சுவர்கள் மளமளவென்று எழுந்தன.

கூரை போடும் நேரம் பார்த்து, எங்கோ ஒரு மாளிகையில் இரண்டு தலைவர்களும் கைகுலுக்கித் தொலைத்தார்கள். ஒலிபெருக்கிகளில் புல்லாங்குழல் ஒலித்தது. உலகமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. மருத்துவச்சி மட்டும் வெறும் தள்ளுவண்டியோடு திரும்பினாள். தங்கைக்கு வலி கண்ட காலையில் டாக்டருக்கு ஆளனுப்பிவிட்டு, நேராக மலைக்காரரிடம் போனாள்.

"வார்டு வாசல்ல போர்டு மாட்டணும்ங்க. இது உங்க கொள்கையால எழும்புனதா, அவங்க கொள்கையாலயா? அவங்க பெயிண்ட்டே வாங்கிட்டாங்களாமே?"

பச்சைப் பொய். தெருவைத் தாண்டி, அதையே கடல்காரரிடமும் சொன்னாள். அவள் வெளியே வருவதற்குள் புல்லாங்குழல் நின்றுவிட்டது. ஊரான் வீட்டுப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற கூட்டம் என்றார் ஒருவர். இரவல் தத்துவம், இரவல் மூளை என்றார் மற்றவர். ஓடுகள் மழையாகப் பொழிந்தன. பழைய போர்களை இழுத்தபோது உத்திரங்களே வந்தன. "இன்னும் கொஞ்சம் நல்லாத் திட்டுங்கய்யா!" என்று கொத்தனார் சாரத்தின் மேலிருந்து கத்தினான். கடைசி ஓடு பதிந்தபோது டாக்டர் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார்.

தொண்டை கட்டிப்போன இரண்டு பிரதிநிதிகளும் வார்டு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே அழுகுரல் கேட்டதும், "பொறந்துருச்சா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தூசிகூட விழவில்லை. பெண் குழந்தை, தாயும் நலம். மருத்துவச்சி கதவைத் திறந்து தெருவே கேட்கும்படி அதைச் சொன்னாள். பிறகு சுவரில் சாய்ந்து, அக்காவை நினைத்து அழுதாள். சந்தோஷத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதற்குப்பின் பிரசவத்துக்காக யாரையும் வண்டியில் ஏற்றவில்லை. போர்டு மாட்டவில்லை, பெயர் யாருடையது என்ற பேச்சுவார்த்தை தொடர்வதால் ஊருக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்தது. இந்த வருடம் வார்டுக்கு மாடி எடுப்பதாகத் தீர்மானம். யாருடைய கொள்கை உலகத்தைக் காப்பாற்றும் என்று இரு வல்லரசுகளும் மறுபடி ஆரம்பித்திருப்பதால், செங்கல்லுக்குக் கவலையில்லை.