மருந்து மழைக் கூண்டு

அன்று விடிந்ததிலிருந்தே வெல்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாயில் பிரஷோடு வந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். ஊற்றி வைத்த டீயை மறந்துவிட்டுக் குழாய் மூட்டுகளைத் தட்டிப் பார்த்தான். அவன் அக்காவின் மாட்டுக் கொட்டகை முன்னால் அவன் கையாலேயே செய்த கூண்டு நின்றுகொண்டிருந்தது. ஒரு மாடு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிற மாதிரி இரும்புக் குழாய்களால் ஒரு சந்து. மேலே, கீழே, இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் தெளிப்பு முனைகள். மோட்டாரைப் போட்டால் காது மடலிலிருந்து வாலடி வரை மருந்து மழையாகப் பெய்யும். உண்ணிக்கும் கடிக்கிற ஈக்கும் ஒளிய இடமிருக்காது.

போன மழைக்காலம் அந்தத் தெருவை உலுக்கிவிட்டுப் போயிருந்தது. மழை விட்டதும் உண்ணி பெருகியது, பின்னாலேயே காய்ச்சலும் வந்தது. அக்காவின் நல்ல கறவைப் பசு ஒன்று படுத்தது, எழவே இல்லை. வெறும் கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தவளிடம், "இனிமே ஒரு மாடும் போகாதுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். எப்படி என்று அப்போது அவனுக்கே தெரியாது. மாட்டு டாக்டரம்மா பெரிய பண்ணைகளில் இருக்கிற தெளிப்புக் கூண்டைப் பற்றிச் சொல்லப்போய், அது அவன் மண்டைக்குள் புகுந்துகொண்டது.

அக்கா புருஷனுக்கு மட்டும் கிண்டல் தீரவில்லை. "ஜன்னல் கம்பியையே கோணலா வெக்கறவன் நீ. மாட்டுக்கு ஷவர் கட்றியா மாப்ளே? சோப்பும் துண்டும் யாரு வாங்கறது?"

"முதல்ல உங்களை உள்ள விட்டுத்தான் மாமா சோதனை பண்ணப்போறேன்" என்றான் வெல்டர்.

டாக்டரம்மாவின் வேன் வந்து நின்றபோது தெருவில் இருந்த மாடுகளெல்லாம் வரிசை கட்டியிருந்தன. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்த அவர் இறங்கும்போதே சத்தம் போட்டார். "எல்லாத்துக்கும் தண்ணி காட்டியாச்சா? தாகத்தோட நின்னா உடம்புல வழியற மருந்தை நக்கிடும். அளந்து கலக்கணும், கையுறை இல்லாம யாரும் மருந்து டிரம்கிட்ட போகக் கூடாது."

வெல்டர் மோட்டாரைப் போட்டான். குழாய் இருமியது, குலுங்கியது, அப்புறம் எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் சீறின. முதல் பசு மிரண்டு பின்வாங்கியது. பின்னால் நின்றவர்கள் தோள்கொடுத்துத் தள்ள, ஒரே பாய்ச்சலில் உள்ளே போய், சொட்டச் சொட்ட வெளியே வந்து உடம்பைச் சிலுப்பியது. அக்கம்பக்கத்தார் தொப்பலாக நனைந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். வெல்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து ராங்கி. அக்கா வளர்க்கிற செவலைப் பசு. அது கயிற்றைப் பார்த்தாலே முட்டும், பாத்திரத்தைப் பார்த்தாலே உதைக்கும். அதைப் பிடிக்க நாலைந்து பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். ராங்கியோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தானாகவே கூண்டை நோக்கி நடந்தது.

"பாருய்யா, ராங்கியே மடங்கிடுச்சு!" என்று கூட்டம் கைதட்டியது. வெல்டர் பெருமையோடு ஸ்விட்சில் கை வைத்தான்.

"போடாதேடா!"

அக்காதான் கத்தினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "இவ இப்படிப் போறவ இல்ல. டாக்டரம்மா, என் மாட்டுக்கு என்னமோ ஆயிடுச்சு. கொஞ்சம் பாருங்களேன்!"

டாக்டரம்மா தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். கண்ணிமையைப் பிதுக்கினார். உள்பக்கம் ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து மாடு மூத்திரம் பெய்தது. கடுங்காப்பி நிறம்.

காது நரம்பில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டு அவர் வேனுக்குள் போனார். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர், "இங்க வாங்க" என்று வெல்டரைக் கூப்பிட்டார். அவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். வட்ட வட்டமான ரத்த அணுக்கள். சிலவற்றுக்குள் பேரிக்காய் வடிவத்தில் ஜோடி ஜோடியாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் அக்கா மாட்டைக் கொன்னது இதுதாங்களா?"

"இதேதான். உண்ணி கடிச்சு உள்ள விட்டது. நல்லவேளை, படுக்கறதுக்கு முன்னாடி பிடிச்சிட்டோம்."

"கூண்டை இன்னும் முன்னாடியே முடிச்சிருக்கணும்."

"அதை அப்புறம் யோசிங்க. இதோட ரத்தத்தைக் குடிச்ச உண்ணி கீழ விழுந்து முட்டை போட்டா, அந்தக் குஞ்சுங்க இதே நோயைச் சுமந்துட்டு அடுத்த மாட்டுல ஏறும். ஒரு மாட்டைக்கூட விடாதீங்க, ஓடுங்க!"

ராங்கியை நிழலில் கட்டி ஊசி போட்டு, பாட்டிலைத் தொங்கவிட்டு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அக்கா கையுறையோடு மண்டிபோட்டு, மடியிலும் காதுக்குள்ளும் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மருந்துத் தண்ணீரில் போட்டாள். வெல்டர் மோட்டாருக்குத் திரும்பினான். மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. அடைத்த முனையைக் கம்பியால் குத்திவிட்டான். நழுவிய குழாய்க்குத் தோளால் முட்டுக்கொடுத்தான். பாதி வரிசை தாண்டியபோது கரண்ட் போய்விட்டது.

எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். மாமா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலையில் கிடந்த கைப்பம்பை இழுத்து வந்தார். "குழாயை இதுல மாட்டுடா மாப்ளே!"

"மாமா, உங்களால முடியுமா?"

"வாயை மூடிட்டு மாட்டு!"

மாமா அடித்த அடியில் பம்பு கிறீச்சிட்டது, மருந்து மறுபடி சீறியது. அவர் மூச்சு வாங்கியபோது பால்காரர் பிடித்தார், பால்காரருக்குப் பின் எதிர்வீட்டு டெய்லர். கடைசி மாடு வெளியே வந்தபோது மாமா தலைமுதல் கால்வரை நனைந்து, சட்டைப் பொத்தானெல்லாம் தெறித்துப்போய் நின்றார். டாக்டரம்மா அவரையும் நனைந்த மற்றவர்களையும் முதலில் குளிக்கத் துரத்திவிட்டு, அப்புறம் கொட்டகைச் சுவரின் வெடிப்புகளிலும் மருந்து அடிக்கச் சொன்னார்.

சாயங்காலம் ராங்கி ஒரு வாய்ப் புல்லை எடுத்து மென்றது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. அடுத்த சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது, மூத்திரம் தெளிந்தது. அந்த வருஷ மழைக்காலத்தில் தெருவில் ஒரு மாடுகூடச் சாகவில்லை.

ராங்கி தேறுவதற்குள்ளேயே பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். எங்களுக்கு எப்போது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வெல்டர் உட்காரவில்லை. பழைய இரும்புக் கடையில் நாலு சக்கரம் தேடிப் பிடித்து, கூண்டின் அடியில் வைத்துப் பற்றவைத்தான். மாமா முன்னால் நின்று இழுக்க, அவன் பின்னாலிருந்து தள்ள, கூண்டு கடகடவென்று பக்கத்துத் தெருவை நோக்கி உருண்டது.

"கோணலா போவுதுடா!" என்று மாமா கத்தினார்.

"நீங்கதான் கோணலா இழுக்கறீங்க!" என்று வெல்டர் திருப்பிக் கத்தினான். பின்னால் மருந்து டிரம்மை உருட்டிக்கொண்டு வந்த அக்கா, இருவரையும் வாயை மூடிக்கொண்டு வேகமாகப் போகச் சொன்னாள்.