அவுக சத்தம் எது

சிவகாசிப் பக்கம் ஒருவர் இறந்துபோனால் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பட்டாசு யூனிட்டு வெடிச்சது?" என்றுதான். சங்கரலிங்கம் மஞ்சள் காமாலையில் இறந்தார். அதைச் சொன்னதும் கேட்டவர்கள் முகத்தில் சின்னதாக ஓர் ஏமாற்றம் தெரிந்தது என்று மணிகண்டராஜ் 'நாலு கம்பி' குரூப்பில் எழுதினான். யாரும் சிரிப்புப் பொம்மை போடவில்லை.

'நாலு கம்பி' என்பது நாலு பேஸ் கிட்டார்காரர்களின் வாட்ஸ்அப் குரூப். விருதுநகரிலிருந்து வெம்பக்கோட்டை வரைக்கும் திருவிழாக் கச்சேரிகளில் பாடுகிறவருக்கு ரசிகர்கள் உண்டு, கீபோர்டுக்கு உண்டு, ரிதம் பேட் அடிக்கிற பெத்தணனுக்கு ஃப்ளெக்ஸே வைத்திருக்கிறார்கள். பேஸ் கிட்டாருக்கு யாரும் கிடையாது. ஆகவே நாலு பேரும் ஒருவருக்கொருவர் ரசிகராக இருந்துகொள்வது என்றுதான் குரூப்பைத் தொடங்கினார்கள். ஒரே மாதத்தில் அது ஒருவரை ஒருவர் திருத்தும் இடமாகிவிட்டது.

வெம்பக்கோட்டையில் மக்காச்சோளம் போடுகிற கருத்தப்பாண்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. கட்டைவிரலால் மட்டும் வாசிப்பார். கட்டைவிரலில் இருக்கிற கனம் மற்ற விரல்களுக்கு வராது என்பது அவர் கட்சி. விருதுநகரில் காலண்டர் ஆர்டர் பிடிக்கிற மணிகண்டராஜ், விரல் என்பதே வியர்க்கிற சாமான், பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்து வாசிப்பவனே ஆண்பிள்ளை என்பான். அப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் சூர்யபிரகாஷிடம் இருந்தது ஐந்து கம்பிக் கிட்டார். இருபத்தேழு வயதுக்குள் அவன் பார்த்து முடித்த பாட வீடியோக்களின் நீளத்துக்கு அவனிடம் கருத்துகள் இருந்தன. நாலாவது ஆள் சங்கரலிங்கம். பகலில் ஆஃப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின், சீசனில் மேடை. குரூப்பில் யார் என்ன எழுதினாலும் அவர் போடுவது ஒரு கட்டைவிரல் பொம்மை. அதைக் கருத்தப்பாண்டி தன் கட்சிக்கு விழுந்த ஓட்டாகவே எண்ணி வந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் தாயில்பட்டியில் அம்மன் கோயில் பொங்கல் கச்சேரி. சூர்யா கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குரூப்பில் எழுதினான்: "சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு ரெண்டு சுரத்துக்கு மேல தெரியாது. அதையே பாட்டு முழுக்கப் பிரிச்சு வச்சு வாசிக்கிறாக. இந்த வேலைய ஒரு மெஷின் செய்யும்."

அதற்கும் சங்கரலிங்கம் ஒரு கட்டைவிரல் போட்டார். அவர் கடைசியாகப் போட்டது அதுதான். தான் எழுதியதை எல்லோர் போனிலிருந்தும் அழிப்பதற்கு உள்ள நேரம் தாண்டிவிட்டது என்று, இறந்த செய்தி வந்த அன்றே சூர்யாவுக்கு போன் சொல்லிவிட்டது.

செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது என்று குரூப்பில் நாற்பது செய்தி ஓடி, ஒன்பதாம் நாள் சனிக்கிழமை காலை மூன்று பேரும் சூர்யாவின் காரில் ஆமத்தூருக்கு, சங்கரலிங்கம் வீட்டுக்குப் போனார்கள்.

துக்க வீட்டில் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். சங்கரலிங்கத்தின் அம்மா முத்துமாரியம்மாள் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கையால் காட்டினாள். உட்கார்ந்தார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. படத்தில் சங்கரலிங்கம் ரேஷன் கார்டுக்கு எடுத்த முகத்தோடு இருந்தார். மூலையில் கிட்டார் உறைக்குள் சாய்ந்திருந்தது.

என்ன பேசுவது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது மனிதர்கள் தெரிந்ததைப் பேசுவார்கள்.

"கம்பி மாத்தி எம்புட்டு நாளாச்சோ" என்றார் கருத்தப்பாண்டி, உறையைப் பார்த்தபடி.

"அவுக மாத்த மாட்டாகண்ணே. பழசு பழகப் பழகத்தான் தொண்ட கட்டும்பாக" என்றான் மணிகண்டராஜ்.

"பழங்கம்பியில பேஸ் வாசிக்கிறது ஊறுன அப்பளத்த நொறுக்குற மாதிரி" என்று சூர்யாவின் வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பிறகு அவன் தரையைப் பார்த்தான்.

"தண்ணியில கொதிக்கவச்சா புதுசாயிரும்ல. அழுக்கெல்லாம் எறங்கிரும்" என்றார் கருத்தப்பாண்டி.

"அதான் எங்க ரசச் சட்டியில போட்டானா" என்றாள் முத்துமாரியம்மாள். அவள் கேட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "கம்பிய உள்ள போட்டு அடுப்புல வச்சுட்டு முன்னால நின்னான். என்னடான்னு கேட்டா சூப்புங்கான்."

மணிகண்டராஜ் சிரிப்பை இருமலாக மாற்றினான். கிழவி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

அடுக்களையிலிருந்து பாண்டிமீனா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். சங்கரலிங்கத்தின் மனைவி. முப்பத்தெட்டு வயதிருக்கும். ஒன்பது நாளில் பாதியாகியிருந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். இன்னொரு கையில் சங்கரலிங்கத்தின் போன் இருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கூட்டத்துல அவுக சத்தம் எது?"

மூவருக்கும் புரியவில்லை.

"பதினாலு வருசம். கச்சேரிக்குப் போயி முன்வரிசையில உக்காந்து அவுக கையத்தான் பாப்பேன். கை போகுது, வருது. எது அவுக சத்தம்னு எனக்குப் பிடிபட்டதே இல்ல. வீட்டுக்கு வந்து கேட்டா, நான் நிறுத்துனா ஒனக்குத் தெரியும்பாக." போனை மறு கைக்கு மாற்றினாள். "இப்ப நிறுத்திட்டாக. இன்னும் தெரியல."

கச்சேரிக் குழுக்காரர் தாயில்பட்டி வீடியோவை அனுப்பியிருந்தாராம். கடைசிக் கச்சேரி. தினமும் கேட்டுக் கேட்டு ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாளாம். போனை நீட்டி ஓடவிட்டாள். பாட்டு வந்தது. வரி முடிகிற இடத்தில் "தொம் தொம் தொம்" என்று ஓர் உருட்டல்.

"இதுதான? இது வரும்போதெல்லாம் எனக்கு அழுக வந்துரும்."

அது பெத்தணனின் ரிதம் பேட்.

எந்தக் காலத்திலும் எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதேதான் தங்கச்சி" என்றார் கருத்தப்பாண்டி. "சங்கரலிங்கம் கைதான். கேட்டதுமே சொல்லிரலாமே."

மணிகண்டராஜ் தலையாட்டினான். பாண்டிமீனா கருத்தப்பாண்டியைப் பார்த்தாள்.

"அண்ணே, அவுக எத வாசிச்சாலும் 'அருமை'ன்னு எழுதுனவுக நீங்க. நான் குரூப்பப் பூராவும் படிச்சிட்டேன்." திரும்பினாள். "நீங்கதான சூர்யா? ரெண்டு சுரத்துக்கு மேல தெரியாதுன்னு எழுதுனது?"

சூர்யா நாற்காலி நுனிக்கு வந்தான். "ஆமா மதினி."

"அப்ப நீங்க சொல்லுங்க தம்பி. நீங்க மொகத்துக்காகச் சொல்ல மாட்டீக."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடையில் நல்ல தராசு எதுவென்று விசாரிப்பது போலக் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுக்கு அழுவதற்கு ஒரு சத்தம் இருக்கும், பெத்தணனுக்கும் ஆட்சேபணை இருக்காது. கருத்தப்பாண்டியின் கால் அவன் காலை மெதுவாக மிதித்தது.

"இல்ல மதினி. அது ரிதம் பேடு. பெத்தணன் அடிக்கிறது."

பாண்டிமீனா போனை நிறுத்தினாள். "ஒம்பது நாளா பெத்தணனுக்கா அழுதிருக்கேன்?"

சூர்யா அவள் கையிலிருந்த போனைக் காட்டினான்.

"அண்ணாச்சி சத்தம் இந்த போன்ல வராது. இதோட ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகம் அம்புட்டுத்தான். அடிச் சத்தத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் வேணும்."

"அப்ப இதுல அவுக இல்லையா?"

"இருக்காக. வெளிய வரல."

சொன்ன பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. உள்ளே இருக்கிறார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மேடை ஒலியைக் கலக்குகிற மிக்சர்க்காரர்கள் வீடியோவுக்குச் சத்தம் பிரித்துக் கொடுக்கும்போது முதலில் மறப்பது பேஸைத்தான். இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையை நீட்டியவனாகி விடுவான். ஆனாலும் எழுந்தான். அவன் கார் டிக்கியில், பின்சீட்டு அகலத்துக்கு ஒரு பெட்டி ஸ்பீக்கர் இருந்தது. பட்டாசுக்காரன் மகன் வண்டிக்குள்ளும் வெடி வைத்திருக்கிறான் என்று அப்பா சொல்லிச் சொல்லி அலுத்த பெட்டி.

"மதினி, வண்டியில கேக்கலாம். வாசல்லதான் நிக்குது."

பதினாறாம் நாள் காரியம் முடியாமல் பாண்டிமீனா வாசல்படி தாண்டக் கூடாது. அவள் மாமியாரைப் பார்த்தாள். முத்துமாரியம்மாள் எழுந்து போய்க் காரைச் சுற்றி வந்தாள், டயரைக் காலால் தட்டினாள், திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னாள்:

"வண்டி நகரப்படாது. நகராத வண்டி வீடுதான். நானும் வருவேன்."

பின்சீட்டில் கிழவி, முன்னால் பாண்டிமீனா, ஸ்டியரிங் பக்கம் சூர்யா. மற்ற இருவரும் வெளியே நின்றார்கள். சூர்யா கண்ணாடிகளை ஏற்றினான். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. சங்கரலிங்கத்தின் போனை வண்டியோடு சேர்த்தான். திரையில் 'சங்கரலிங்கம்' என்று பெயர் வந்தது, இணைந்துவிட்டதாகவும் சொன்னது. மூன்று பேரும் அதைப் படித்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. கூட்டத்தின் விசில், புல்லாங்குழலாக நடிக்கிற கீபோர்டு, பெத்தணன், பாடுகிறவரின் குரல். சூர்யா மேல்சத்தங்களை ஒவ்வொன்றாக இறக்கினான். குரல் போர்வைக்குள் போனது. அடியில் ஒன்றும் இல்லை. ஒரு வரி போயிற்று. இன்னொரு வரியும் போயிற்று. அவன் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

பல்லவி இரண்டாம் தடவை திரும்பியபோது டிக்கியிலிருந்து வந்தது. ஒரு சுரம். இடம் விட்டு இன்னொன்று. அவன் எழுதிய அதே இரண்டு.

"இதுதான் மதினி."

"எது? ஒண்ணும் கேக்கலயே."

"காதுல தேடாதீக. சீட்டுல முதுக நல்லாச் சாச்சு வைங்க."

அவள் சாய்ந்தாள். சூர்யாவும் சாய்ந்தான். இரண்டாம் சரணத்தில் பாடுகிறவர் ஒரு வரி முந்திப் பாய்ந்துவிட்டார். பெத்தணன் தடுமாறினான், கீபோர்டு பழைய வரியிலேயே நின்றது. பேஸ் மட்டும் தன் இடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அவசரமில்லாமல் பாடுகிறவர் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றது. மூன்று தட்டில் பெத்தணன் அங்கே வந்தான், பின்னால் கீபோர்டும் வந்தது. கூட்டம் பாடுகிறவருக்கு விசிலடித்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் சூர்யாவும் நின்றிருந்தான். அவன் காதில் விழவில்லை.

"மதினி, இங்கன பாருங்க. பாடுறவுக தப்பாப் போயிட்டாக. அண்ணாச்சிதான் போயி எல்லாரையும் கூட்டியாந்தாக. மெஷின் இதச் செய்யாது. நான் எழுதுனது தப்பு."

"சரி தம்பி" என்றாள் பாண்டிமீனா. அவளுக்கு அது முக்கியமாகப் படவில்லை. "மொதல்ல வந்துச்சுல்ல, அத மறுபடி போடுங்க."

போட்டான். இரண்டு சுரம். அவள் பக்கத்துக் கதவின் பிளாஸ்டிக் பலகை சுரத்துக்குச் சுரம் மெல்ல அதிர்ந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அத்தே, இது நம்ம பீரோ."

பின்னாலிருந்து முத்துமாரியம்மாள், "ஆமா, பீரோதான்" என்றாள்.

சூர்யா விழித்தான். பாண்டிமீனா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வீட்ல ஆம்ப்பு ஸ்பீக்கரு கெடையாதுல்ல. கிட்டாரு தலைய இரும்பு பீரோமேல முட்டுக் குடுத்து வச்சுட்டு வாசிப்பாக. அப்பத்தான் தனக்குக் கேக்குமாம். பீரோ கதவு கடகடங்கும், உள்ள வளையல் டப்பா ஆடும். தாழ்ப்பாள் லூசுன்னு நான் பிரஸ்ஸு லேபிள் தாள மடிச்சுச் சொருகுவேன். அவுக எடுத்துருவாக. நான் சொருக, அவுக எடுக்க. வேணும்னுதான் செய்யிறாகன்னு எம்புட்டு வஞ்சிருக்கேன். பீரோ சத்தம் தாங்கல, தூக்கிப் போடுவோம்னு போன தீவாளிக்குக்கூடச் சொன்னேன்."

கதவிலிருந்து கையை எடுக்காமல் அழுதாள். இந்த முறை பெத்தணனுக்காக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எறங்குங்க தம்பி" என்றாள்.

அவன் இறங்கிக் கதவைச் சாத்தினான். சாத்தியதும் பாடுகிறவரின் குரல் நின்றுபோனது. கீபோர்டு நின்றது, விசில் நின்றது. மூடிய காரைத் தாண்டி வெளியே வந்தது ஒன்றே ஒன்றுதான். தகரத்தை அதிரவைத்துக்கொண்டு, தெரு முழுக்க, சங்கரலிங்கம் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.

கருத்தப்பாண்டி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது கம்பி சுதி எறங்கி இருக்கு மாப்ள" என்றான் மணிகண்டராஜ், தணிந்த குரலில்.

"இருக்கட்டும்" என்றான் சூர்யா.

எதிர்வீட்டுக்காரி குடத்தோடு வெளியே வந்தாள். "என்னா சத்தம் அது? துட்டி வீட்டு வாசல்ல?"

"சங்கரலிங்கம் அண்ணாச்சி" என்றார் கருத்தப்பாண்டி. அவரைவிட ஆறு வயது இளையவரை அவர் அண்ணாச்சி என்றது அன்றைக்குத்தான்.

அவள் காரைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இரண்டு பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். குடத்தைக் கீழே வைத்தாள்.

பாட்டு முடிந்தது. ஒரு மூச்சு நேரம் தெரு சும்மா இருந்தது. பிறகு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படும் வழக்கம் கிடையாது, வண்டி இல்லாமல் புறப்படவும் முடியாது.