குழுவைவிட்டுப் போனவன்

ஆய்வக வாட்ஸப் குழுவில் வினோத் காலை ஆறு மணிக்கு ஒரு செய்தி போட்டிருந்தான்: ‘என் டேட்டா எல்லாம் டிரைவ்ல இருக்கு. ஜமுனாவுக்குக் குடுத்துடுங்க.’ அடுத்த நிமிடமே குழுவைவிட்டு விலகியிருந்தான். போன் அணைந்திருந்தது. மற்றவர்கள் கும்பிடும் கைகளைப் போட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். ஜமுனா மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நான்கு வருட உழைப்பை யாரும் அப்படித் தூக்கிக் கொடுக்கமாட்டார்கள்.

ஊரடங்கில் பஸ் இல்லை. அவள் ஊரான பசியாவரம் ஒரு தீவு; அங்கிருந்து அவனுடைய ஆரம்பாக்கத்துக்கு ஏரி வழியாகத்தான் போக வேண்டும். அப்பா முனியனிடம் போய் நின்றாள்.

“கூடப் படிக்கிற பையன், நைனா. எனக்குப் பயமா இருக்கு.”

முனியன் டீசல் கேனை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தார்.

மூன்று மணி நேரப் பயணம். அவளும் தினமும் லேப்டாப்பைத் திறப்பாள், ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் பார்ப்பாள், மூடிவிடுவாள். கைடு கேட்டால், “எழுதிட்டிருக்கேன் சார்.” நாற்பது நாளாக இப்படித்தான். வினோத்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாசலில் அவன் அம்மா மணியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “தூங்கறாம்மா. ராவெல்லாம் முழிச்சிப் படிக்கறான்னு பகல்ல எழுப்பறதில்ல.”

ஜமுனா அவன் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திறந்தபோது தாடியும் கசங்கிய சட்டையுமாக நின்றான்.

“நீ எப்படி வந்தே?”

“போட்ல. வினோத், செத்துடலாம்னு நெனச்சியா?”

கேட்ட பிறகுதான் இப்படிக் கேட்கலாமா என்று தோன்றியது. அவன் சுவரைப் பார்த்தான்.

“நெனச்சேன்.”

மணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “இன்னாடா பெரிய படிப்பு...” என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் அவன் காலருகே உட்கார்ந்துவிட்டாள்.

“நானும் நாப்பது நாளா ஒரு வரி எழுதல,” என்றாள் ஜமுனா.

“அப்போ என் டேட்டாவ வெச்சி இன்னா பண்ணுவே?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். பல்கலைக்கழகம் அனுப்பிய சுற்றறிக்கையில் ஒரு மனநல மருத்துவரின் எண் இருந்தது. படித்துவிட்டு யாரும் கூப்பிடாத எண். தன் போனில் அதை அழுத்தி, மணி அடிக்கும்போதே அவன் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவன் வயல் வரப்பில் இறங்கினான். பின்னாலேயே போகப் பார்த்த மணியம்மாளின் கையை ஜமுனா பிடித்துக்கொண்டாள். “பேசட்டும்மா. இங்கிருந்தே பாத்துக்கலாம்.” காற்று மாறியிருந்தது. இப்போதே கிளம்பினால்தான் சுலபமாக ஊர் திரும்பலாம். ஆனாலும் முனியன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

வரப்பின் கோடியில் வினோத் நின்றான். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு போன் இல்லாத கையை உயர்த்தி, எதிரில் ஆள் இருப்பதுபோல ஏதோ விளக்கிக்கொண்டு, நாற்றுகளுக்கு நடுவே மெல்லத் திரும்பி நடக்கத் தொடங்கினான்.