இருபதாயிரம் கற்பனை நோயாளிகள்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சல்லடை. பதினாறு வருடமாக டெஸ்டர் வேலை. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். பட்டப்பெயர் காதுக்கு எட்டிய நாளில்கூட அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கல் வாய்க்குப் போவதைவிடச் சல்லடையில் நிற்பது மேல் என்று எண்ணிக்கொண்டாள். தினமும் வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, இன்று என் கையால் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று கடவுளிடம் கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவாள்.

இந்த முறை அவள் கைக்கு வந்தது ஒரு கண் மருத்துவமனையின் பதிவுத் தளம். முதியவர்களுக்குக் கட்டணமில்லாமல் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யப் போகிறார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு தொடங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் இருபதாயிரம் பேராவது முண்டியடிப்பார்கள் என்று மருத்துவமனைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேரைத் தளம் தாங்குமா? உண்மையான கூட்டம் வருவதற்கு முன்பே பொய்யான கூட்டத்தை அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பெயர் லோடு டெஸ்ட்.

பொய்க் கூட்டம் என்றாலும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும். ஒரே அடையாள எண்ணை இரண்டாம் முறை கொடுத்தால் தளம் ஏற்காது. ஒருவர் ஒருமுறைதான் பதியலாம் என்பது விதி. ஆகவே இருபதாயிரம் பேருக்கும் பெயர், வயது, தெரு, அடையாள எண் என்று தனித்தனியாகக் கற்பனையில் உருவாக்கிக் கொடுக்கும் சிறு நிரல் ஒன்றை அவள் எழுதியிருந்தாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். இந்த வேலையைப் பற்றி அவள் விளக்கியபோது அவர் வெகு நேரம் சிரித்தார்.

“என் பஸ்ல அறுபது பேர் ஏறினாலே எனக்கு மூச்சு முட்டுது. நீ ஒரு பட்டனை அமுக்கி இருபதாயிரம் பேரைப் பெத்துப் போடுற. ஒரு மசக்கை உண்டா, ஒரு வாந்தி உண்டா?”

தளத்தை எழுதியவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட முடியாத புரோகிராமர். வேறு ஊரிலிருந்து இந்த வேலைக்காகவே குடிபெயர்ந்து வந்தவன். வேலை நிரந்தரமாகட்டும் என்று பாதிச் சாமான்களை இன்னும் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தான். மனைவிக்கு ஏழாவது மாதம். ஆறு மாதம் முடிவது இந்த வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்குள், அவனை நிரந்தரமாக்கலாமா அனுப்பிவிடலாமா என்று மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

முதல் சோதனை செவ்வாய்க்கிழமை நடந்தது. இருபதாயிரம் பேரில் ஐயாயிரம் பேர்தான் பதிவானார்கள். மீதிப் பேருக்கெல்லாம் ‘பதிவு செய்ய இயலவில்லை, பிறகு முயலவும்’ என்ற ஒரே வரி. புதன்கிழமையும் ஐயாயிரம். வியாழக்கிழமையும் ஐயாயிரம். ஐயாயிரத்தைத் தாண்டினால் தளம் படுத்துவிடுகிறது என்று அவள் அறிக்கை எழுதினாள். அந்த எண்ணைத் தன் நிரலில் எங்கே எழுதித் தொலைத்தோம் என்று அவன் வரிவரியாகத் தேடினான். கிடைக்கவில்லை. பதிவுப் பகுதி முழுவதையும் அழித்துவிட்டு இரண்டு முறை புதிதாக எழுதினான். மறுபடியும் ஐயாயிரம்.

புதன்கிழமை அலுவலகக் கூட்டத்தில் அவள் அவனைக் கேட்டது எல்லோருக்கும் நினைவிருந்தது.

“என்ன தம்பி, வாசல்ல கதவை எடுத்துட்டுச் சுவரை வெச்சுட்டியா? ஐயாயிரத்துக்கு மேல ஒரு ஆள் நுழைய மாட்டேங்குறாங்களே.”

அறையே சிரித்தது. அவனும் சிரித்தான், எல்லோருக்கும் கடைசியாக.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் அவரை நெருக்கினார்கள், அவர் கீழே நெருக்கினார். வெள்ளிக்கிழமை காலையில் அவனைக் கூப்பிட்டு, மாலைக்குள் சரியாகாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, தளத்தை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

மதியம் சாப்பாட்டு அறையில் அவள் அவனைப் பார்த்தாள். டப்பாவைத் திறக்காமலே முன்னால் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பாரேன் என்றாள். மனைவி கட்டிக் கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோனால் கேள்வி கேட்பாள், எப்படியும் தின்றுதான் ஆக வேண்டும் அக்கா என்று சொல்லிவிட்டு, இவள் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் திறந்தான். அவன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

தன் இடத்துக்குத் திரும்பியவளுக்கு வேலை ஓடவில்லை. சுவர் என்று தான் சொன்னதே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அறிக்கையை மாற்ற முடியாது. பொய் எழுத அவளுக்குக் கை வராது. ஆனால் அவனுக்குச் சாதகமாக உண்மையாகவே ஏதாவது இருந்தால்? இத்தனை நாளும் குறை தேடித்தானே பார்த்தோம், ஒருமுறை நிறை தேடிப் பார்ப்போம் என்று தோன்றியது. பதிவாகாமல் போனவர்களில் கொஞ்சம் பேராவது நெட்வொர்க் கோளாறால் போயிருந்தால், அந்தப் பழியையாவது அவன் தலையிலிருந்து இறக்கிவிடலாம்.

ஒரு கம்ப்யூட்டரால் இருபதாயிரம் பேராக நடிக்க முடியாது. ஆகவே நான்கு கம்ப்யூட்டர்களில் அந்த நிரலைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் பேர் என்று பிரித்து, ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டிருந்தாள். யாரை அனுப்பினோம், என்ன பதில் வந்தது என்று நான்கும் தனித்தனியே எழுதி வைத்திருக்கும். வழக்கமாக அவள் மொத்தக் கணக்கை மட்டும்தான் பார்ப்பாள். இன்று நான்கு பட்டியலையும் திறந்து, ஒவ்வொரு ஆளாகப் படித்தாள்.

மூன்றாவது பட்டியலில் ஒரு கிழவி. வயது தொண்ணூற்றொன்பது. நிரல் தாறுமாறாகக் கொடுத்த வயது அது. ‘பாவம், இந்த வயசில் வரிசையில் நிற்கிறாளே’ என்று சிரித்துக்கொண்டாள். அடுத்த பட்டியலைப் புரட்டினாள். அங்கேயும் ஒரு கிழவி, தொண்ணூற்றொன்பது வயது, அதே பெயர், அதே தெரு, அதே கதவு எண்.

சிரிப்பு நின்றது. முதல் பட்டியலுக்குப் போனாள். இருந்தாள். இரண்டாவதிலும் இருந்தாள். நான்கு கிழவிக்கும் ஒரே அடையாள எண். முதலில் வந்து சேர்ந்தவளைத் தளம் ஏற்றுக்கொண்டு, மற்ற மூவரையும் திருப்பி அனுப்பியிருந்தது.

அவள் தன் நிரலைத் திறந்தாள். எண் எப்படி உண்டாகிறது என்று அவளே எழுதியதுதானே. சோதனை தொடங்கும் தேதி, மணி, நிமிடம். அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண். பெயர், வயது, தெரு எல்லாவற்றையும் அந்த எண்ணை வைத்துத்தான் நிரல் பொறுக்கும். ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டும்வரை அதில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் நிமிடம் மாறும், எண்ணும் மாறும். நான்கில் போட்டபோது, நான்கும் ஒரே நிமிடத்தில் கிளம்பி, நான்கும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கின்றன. அவள் அனுப்பியது இருபதாயிரம் பேரை அல்ல. ஐயாயிரம் பேரை, நான்கு முறை. ஒரே ஆள் இரண்டாவது தடவை வந்தால் உள்ளே விடாதே என்று அவன் வாசலில் நிறுத்திய காவல், தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

மணி மூன்றரை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நிரலைத் திருத்தி, மறுபடி ஓட்டினால் போதும். இருபதாயிரமும் பதிவாகும். அவன் கடைசியாக எழுதியதுதான் சரிப்படுத்தியது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அவன் வேலை நிலைக்கும், அவள் மானமும் நிலைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? கெட்ட எண்ணம் நல்ல உடை போட்டுக்கொண்டு வருவது இப்படித்தான்.

கணவருக்குப் போன் செய்தாள். அவர் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு ஓய்வாக இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பையன் அப்புறம் என்ன நினைத்துக்கொண்டிருப்பான் என்று மட்டும் கேட்டார். அவள் யோசித்தாள். நான்கு நாளாக ஒரு தளத்தைக் கெடுத்து வைத்திருந்து, எப்படியோ தற்செயலாகச் சரி செய்தவன் என்றுதான் தன்னைப் பற்றி நினைப்பான். இனி எழுதும் ஒவ்வொரு வரியிலும் தன்னையே சந்தேகப்படுவான்.

“யார்கிட்ட சொல்லணும்னு உனக்கே தெரியும்” என்றார் கணவர். “என்கிட்ட சொல்லிட்டிருந்தா எப்படி?”

ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். பிறகு நான்கு பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள். புரோகிராமர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை போலும். நாற்காலி அவன் பக்கத்தில் காலியாக இருந்தது.

“சார், தளத்துல தப்பு இல்லை. தப்பு என்னுது. நான் அனுப்பின ஆளுங்கதான் தப்பு. ஒவ்வொரு ஆளையும் நாலு தடவை அனுப்பியிருக்கேன். தம்பி எழுதினது மூணு தடவை திருப்பி அனுப்பியிருக்கு. அது நியாயம்தான்.”

தாள்களை மேசையில் விரித்து, நான்கு கிழவிகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். நான்கு நாளாக இதை எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று கேட்டார். மொத்தத்தை மட்டும் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்றாள். வேறு எந்தச் சாக்கும் சொல்லவில்லை.

அவன் மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அப்போ செவ்வாய்க்கிழமை நான் எழுதினதே சரியா அக்கா?”

“செவ்வாய்க்கிழமை எழுதினதே சரிதான் தம்பி. கூட்டத்துல நான் பேசினதுதான் சரியில்லை. என்னை மன்னிச்சுடு.”

அவன் திட்டியிருந்தால் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவனோ இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துவிட்டு, பாதித் தப்பு தன்னுடையது என்று மேனேஜரிடம் சொல்லத் தொடங்கினான். யாராவது பக்கத்து வீட்டுக்காரருடைய எண்ணைப் போட்டுப் பார்த்து, அவர் சிகிச்சைக்குப் பதிந்திருக்கிறார் என்று வேவு பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் காரணத்தைச் சொல்லாமல் ‘இயலவில்லை’ என்று மட்டும் காட்ட வைத்தானாம். அது வெளியாருக்குச் சரி. நமக்காவது உள்ளே காரணத்தைக் குறித்து வைத்திருக்க வேண்டும், வைத்திருந்தால் அக்கா முதல் நாளே கண்டுபிடித்திருப்பார் என்றான். யாரும் கேட்காமல் அவன் அந்தச் சுமையில் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டான். அவளுக்குக் கண் கலங்கியது. தாள்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

“சரி, ரெண்டு பேரும் பழியை அப்புறம் பங்கு போட்டுக்குங்க” என்றார் மேனேஜர். “முதல்ல ஓட்டிக் காட்டுங்க.”

திருத்தம் ஒரு வரிதான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண் அடையாள எண்ணின் தலையில் வரும்படி செய்தாள். இனி நான்கும் ஒரே நிமிடத்தில் கிளம்பினாலும் ஒன்றின் ஆள் மற்றதன் ஆளாக முடியாது. அதோடு விடாமல், நான்கு பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து, இரட்டை இருக்கிறதா என்று அனுப்புமுன்பே பார்க்கும்படியும் எழுதினாள். ஒன்றும் இல்லை. புரோகிராமரும் தன் பங்குக்குக் காரணத்தைக் குறித்து வைக்கும் வரியைச் சேர்த்தான்.

நாலரைக்கு ஓட்டினார்கள். மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். ஆயிரம், மூவாயிரம், நாலாயிரத்து எண்ணூறு. ஐயாயிரத்தை நெருங்கியபோது அவன் திரைக்கு இன்னும் அருகில் குனிந்தான். ஐயாயிரத்து ஒன்று. ஐயாயிரத்து இருநூறு. எண் நிற்காமல் ஓடியது. மேனேஜர் பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாயிரத்தில் தளம் கொஞ்சம் திணறி, மறுபடி சமாளித்தது. கடைசியில் இருபதாயிரம் பேரும் உள்ளே போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு.

மேனேஜர் அங்கேயே நின்று தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். பையன் எழுதியது முதலிலிருந்தே சரி, கோளாறு நம்ம டெஸ்ட்டில்தான் இருந்தது, அவனை வைத்துக்கொள்கிறோம் என்றார். ‘நம்ம டெஸ்ட்’ என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள். யாருடைய டெஸ்ட் என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். போனை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

“திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்துடுப்பா. ஒன்பது மணிக்கு நிஜக் கூட்டம் வரும்.”

அவன் தலையாட்டினான். சன்னல் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டான். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறும்போது, அவன் மனைவியிடம் பேசுவது காதில் விழுந்தது.

“அந்த அட்டைப்பெட்டியெல்லாம் பிரிச்சிடலாம். ஆமா, எல்லாத்தையும்தான். நாம இங்கேயேதான் இருக்கப் போறோம். ஐயோ, இப்பவே தூக்காதே. நான் வந்து பிரிக்கிறேன், நீ உக்காந்து எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லு.”

அதற்கு மேல் கேட்பது சரியில்லை என்று, அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.